70,000 ரூபாய்க்குள் கிராபிக்ஸ் லேப்டாப்: ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு நாள் அலைந்து வாங்கிய லெனோவோ லோக்

அக்கா மகள் பி.ஆர்க், அதாவது கட்டடக்கலை படிக்கிறாள். முதல் வருடம் முழுக்க டிராஃப்டிங் போர்டு, டி-ஸ்கொயர், கையால் வரைந்த ஷீட்டுகள் என்று ஓடிவிட்டது. இரண்டாம் வருடம் ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரெவிட் என்று வரைகிற சாஃப்ட்வேர்கள் ஆரம்பித்து, அப்புறம் ரெண்டரிங்கும் (3டி மாடலை நிஜப் படம் மாதிரி உருவாக்குவது) வந்து சேர்ந்தபோது லேப்டாப் இல்லாமல் இனி நகராது என்று ஆகிவிட்டது. அக்கா சீட்டு எடுத்து 70,000 ரூபாயை என் கையில் கொடுத்து, "நல்லதா பார்த்து வாங்கிக் கொடுடா, அஞ்சு வருஷப் படிப்பு, நடுவுல மாத்த முடியாது" என்றாள். 2024 ஆயுத பூஜை சமயம் அது. அந்தச் சீட்டை அவள் எப்படிக் கட்டினாள் என்று எனக்குத் தெரியும், அதனால் இதில் ஒரு ஆயிரம் ரூபாய்கூட வெறும் பெயருக்காகவோ லைட் எரியும் கீபோர்டுக்காகவோ போய்விடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். வாங்கி ஒன்றேகால் வருடம் ஆகிறது. தினமும் அடித்துத் துவைத்துப் பயன்படுத்தியிருக்கிறோம், அதனால் இப்போது தைரியமாக எழுதலாம்.

முதலில் ஒரு விஷயம். படங்களை உருவாக்குவதற்கென்றே தனியாக இருக்கும் கிராபிக்ஸ் கார்டு எல்லோருக்கும் தேவையில்லை. ஆட்டோகேடில் 2டி பிளான் மட்டும் வரைகிறவருக்கு அது வேண்டாம். ரெவிட்டுக்குக்கூட பெரும்பாலும் ப்ராசஸரின் வேகமும் ரேமும்தான் முக்கியம். லூமியன், என்ஸ்கேப், டி5 ரெண்டர் மாதிரி சாஃப்ட்வேர்கள்தான் முழுக்க முழுக்க கார்டை நம்பி ஓடுகின்றன, பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில் சைக்கிள்ஸ் முறை ரெண்டரும் கார்டு இருந்தால் பல மடங்கு வேகம். உங்கள் வேலை எக்செல், பிரவுசர், கொஞ்சம் போட்டோஷாப் என்றால் இதே பணத்தில் எடை குறைந்த, பேட்டரி நிற்கிற லேப்டாப் வாங்கிக்கொள்ளுங்கள், கார்டு என்று போய் மூட்டை சுமக்க வேண்டாம். இன்னொன்று, வீட்டிலேயே ஓரிடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் என்றால் இதே 70,000 ரூபாய்க்கு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்தால் லேப்டாப்பைவிட நல்ல கார்டு கிடைக்கும். எங்களுக்கு ஹாஸ்டல், ஸ்டூடியோ என்று தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருந்ததால் அந்த வழி அடைபட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் நானும் அவளும் சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். முதல் கடையில் 52,000 ரூபாய்க்கு ஒரு மெல்லிய லேப்டாப்பை எடுத்து வைத்து, "இதுல ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் சார், ரெண்டரிங்லாம் பறக்கும்" என்றார்கள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தால் 'இன்டெல் யுஹெச்டி கிராபிக்ஸ்' என்றுதான் இருந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, ஸ்டிக்கரில் ஐரிஸ் எக்ஸ்இ என்றே ஒட்டியிருந்தது. விஷயம் என்னவென்றால், ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் இந்த கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, கணினியின் ரேமைத்தான் கடன் வாங்குகிறது, ரேம் இரண்டு சேனலில் (பொதுவாக இரண்டு ஸ்டிக் போட்டு) ஓடினால்தான் ஐரிஸ் எக்ஸ்இ ஆக வேலை செய்யும். ஒரே ஒரு ரேம் ஸ்டிக் போட்டு விற்றால் வேகமும் குறையும், பெயரும் யுஹெச்டி என்று இறங்கிவிடும். விலையைக் குறைத்துக் காட்ட ஒற்றை ஸ்டிக் போட்டு அனுப்புகிற மாடல்கள் நிறைய. யாராவது ஐரிஸ் எக்ஸ்இ என்று சொன்னால் ஒரு நிமிடம் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள்.

இரண்டாவது கடையில் நடந்தது இன்னும் மோசம். "இதுல 12 ஜிபி கிராபிக்ஸ்" என்றார் அங்கிருந்த தம்பி. அந்த விலையில் 12 ஜிபி கார்டு வருவதற்கு வழியே இல்லையே என்று டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். டெடிகேட்டட் மெமரி, அதாவது கார்டின் சொந்த மெமரி, 4 ஜிபி, ஷேர்ட் மெமரி 8 ஜிபி. இரண்டையும் கூட்டிச் சொல்கிறார். ஷேர்ட் என்பது கணினியின் சொந்த ரேமில் பாதி, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று விண்டோஸ் காட்டுகிற கணக்கு, அவ்வளவுதான். கார்டின் மெமரி நிரம்பி இந்தப் பக்கம் வழிய ஆரம்பித்தால் வேலை நொண்டும். அவர் தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்பது வேறு, ஆனால் பிள்ளையின் படிப்புக்கென்று பணத்தை எண்ணிக்கொண்டு வருகிற ஒரு அப்பா அம்மா இதை நம்பி வாங்கிவிட்டால் என்ன ஆவது? கோபம்தான் வந்தது. டெடிகேட்டட் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

இனி கார்டுகளுக்கு வருகிறேன், இதுதான் முக்கியமான இடம். அந்த விலையில் நாங்கள் பார்த்தவை என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 2050, 3050 இல் 4 ஜிபி, 3050 இல் 6 ஜிபி. 4050 எங்கள் பட்ஜெட்டுக்கு எட்டவில்லை. 1650 என்பது 2019 இல் வந்த கார்டு. ஒளி போகும் வழியைக் கணக்கிடும் ரே ட்ரேசிங்குக்கான கோர்களும் இல்லை, குறைந்த தெளிவுள்ள படத்தை ஏஐ மூலம் கூர்மையாக்கும் டிஎல்எஸ்எஸ் வேலை செய்வதற்கான டென்சர் கோர்களும் இல்லை. பழைய கேம்களுக்கு இன்றும் பரவாயில்லை, ரெண்டரிங் செய்கிற பிள்ளைக்கு ஐந்து வருடத்துக்கு வாங்கித் தரக் கூடாது.

2050 ஐயும் 3050 ஐயும் பற்றி எல்லாக் கடையிலும் ஒரே பதில்தான்: "ரெண்டும் ஒண்ணுதான் சார், நம்பர்தான் வேற." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். லேப்டாப் 2050 க்கும் 4 ஜிபி 3050 க்கும் கூடா கோர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்ன அலகு) எண்ணிக்கை ஒன்றேதான், 2048. ஆனால் 2050 இல் மெமரிக்குப் போகும் பாதை 64 பிட், 3050 இல் 128 பிட். ஊருக்குள் எத்தனை வண்டி இருந்தாலும் வெளியே போகிற சாலை ஒற்றை வழிச் சாலையாக இருந்தால் எப்படியோ அப்படி. மின்சாரமும் அதே மாதிரி: 2050 க்கு அதிகபட்சம் 45 வாட், 3050 க்கு 80 வாட் வரை தயாரிப்பாளர் கொடுக்கலாம். 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதே 3050 ஐ ஒரு மெல்லிய லேப்டாப்பில் 35 வாட்டுக்குக் கட்டிப்போட்டும் விற்கலாம். ஸ்டிக்கர் ஒன்றுதான், வேகம் ஒன்றில்லை. மெல்லிய உடம்பில் சூட்டை வெளியேற்ற இடம் இல்லாததால் வாட்டைக் குறைக்கிறார்கள், அதில் தப்பில்லை, ஆனால் பெட்டியின்மேல் அதைப் பெரிதாகப் போடுவதில்லை. கடையிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் போனால் 'மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர்' என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் வாட் எண். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. நாங்கள் பார்த்த ஒவ்வொரு லேப்டாப்பிலும் அவள் இதைத் திறந்து நோட்டில் குறித்துக்கொண்டாள். மூன்றாவது கடைக்குள் எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது, எல்லாவற்றையும் அவளே கேட்டாள்.

4 ஜிபியா 6 ஜிபியா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 6 ஜிபி 3050 ஐ 2023 இல் கொண்டுவந்தார்கள், பாதை 96 பிட்டாகக் குறைந்தாலும் கோர்கள் 2560 ஆகக் கூடியிருக்கின்றன. எண்களை விடுங்கள். ஒரு வீட்டின் மாடலில் மரம், புல், கண்ணாடி, மரத்தளம் என்று நல்ல டெக்ஸ்சர்களைப் போட்டு நிறைத்தால் 4 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பியபிறகு கார்டு எவ்வளவு வேகமாக இருந்தாலும் பயன் இல்லை, சாஃப்ட்வேர் இழுக்கும் அல்லது மூடிக்கொள்ளும், அதுவும் சப்மிஷனுக்கு முந்தைய இரவில். ரேமை அப்புறம் கூட்டலாம், எஸ்எஸ்டியை மாற்றலாம். கார்டின் மெமரியை வாங்கின பிறகு எதுவும் செய்ய முடியாது. அதனால் பட்ஜெட்டில் எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

ப்ராசஸரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, இந்த வகை லேப்டாப்களில் எட்டு கோர் இன்டெல் ஐ5 வந்தால் போதும், ஐ7 க்காகக் கூடுதல் பணம் கொடுப்பதற்குப் பதில் அந்தப் பணத்தைக் கார்டில் போடுங்கள். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள், அதுதான் உள்ளே இருக்கும் கட்டமைப்பு எந்தத் தலைமுறை என்று சொல்கிறது. 7520யு என்றால் ஜென் 2, 7535எச்எஸ் என்றால் ஜென் 3 பிளஸ், 7640எச்எஸ் என்றால் ஜென் 4. மூன்றுமே 'ரைசன் 5, 7000 சீரிஸ்' என்றுதான் போர்டில் எழுதியிருக்கும்.

திரைதான் யாரும் கேட்காத விஷயம். பட்ஜெட் கேமிங் லேப்டாப்களில் பணத்தை மிச்சம் பிடிக்கிற முதல் இடமும் அதுதான். '144 ஹெர்ட்ஸ்' (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு) என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், கீழே சின்ன எழுத்தில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' (திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்ற அளவு) என்று இருக்கும். அப்படிப்பட்ட திரையில் நிறங்கள் வெளிறித்தான் தெரியும். வேகமாக ஓடும் கேமுக்கு ஒத்துவரும், நிறம் பார்த்து வேலை செய்கிறவருக்கு ஒத்துவராது. நூறு சதவீதம் எஸ்ஆர்ஜிபி (இதுவும் நிறத்துக்கான அளவுதான்) என்றோ 72 சதவீதம் என்டிஎஸ்சி என்றோ இருக்க வேண்டும், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நாங்கள் செய்த சோதனை சாதாரணமானது. அவள் முன்னமே பிரிண்ட் எடுத்த ஒரு எலிவேஷன் (கட்டடத்தின் முகப்பு வரைபடம்) ஷீட்டைச் சுருட்டிக் கையோடு கொண்டுவந்திருந்தாள், செங்கல் சுவரும் டெரகோட்டா ஓடும் உள்ள ஷீட். அதே படத்தைப் பென் டிரைவிலிருந்து திறந்து பக்கத்தில் ஷீட்டைப் பிடித்தோம். ஒரு கடையில் ஓட்டின் சிவப்பு வெயிலில் காய்ந்த ஆரஞ்சுத் தோல் மாதிரி தெரிந்தது. "மாமா, இதுல கலர் பார்த்து பிரிண்டுக்குக் கொடுத்தா ஜூரில மாட்டிக்குவேன்" என்றாள். ஜூரி என்பது செய்த வேலையை ஆசிரியர்கள் முன் வைத்து விளக்குவது. கார்டு நன்றாக இருந்தும், விலை 4,000 ரூபாய் குறைவாக இருந்தும் அந்த லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டோம்.

அந்தப் பென் டிரைவில் இன்னொன்றும் இருந்தது. பிளெண்டரை இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டலாம், அதன் தளத்தில் ஜிப் ஃபைலாகவும் இலவசமாகத் தருகிறார்கள், விரித்து வைத்துக்கொண்டால் போதும். அதோடு அவள் செய்த ஒரு முற்றம் வைத்த வீட்டின் சீனையும் போட்டுக்கொண்டு போயிருந்தோம். கடையில் கேட்டோம்: இதை ஒருமுறை ரெண்டர் செய்து பார்க்கலாமா? இரண்டு கடைகளில் முடியவே முடியாது என்றார்கள். சனிக்கிழமை மதியம் ஒரு சின்னக் கடையில், பெரியவர் ஒருவர், "பாரும்மா, வாங்கப் போறது நீதானே" என்று டெமோ பீஸைத் திருப்பி வைத்தார். செட்டிங்கில், என்விடியா கார்டை வைத்து ரெண்டர் செய்யும் ஆப்டிக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்துத்தான் ரெண்டர் விட வேண்டும். முதல் முறை தன்னைத் தயார்படுத்திக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரே சீனை அங்கிருந்த 2050 லேப்டாப்பிலும் 6 ஜிபி 3050 லேப்டாப்பிலும் ஓட்டிப் பார்த்தோம். சார்ஜரைச் செருகித்தான், பேட்டரியில் ஓட்டினால் எந்த லேப்டாப்பிலும் கார்டு முழு பலத்தோடு ஓடாது. 3050 முடித்துவிட்டபோது 2050 மூன்றில் இரண்டு பங்குதான் தாண்டியிருந்தது. கடைக்கடையாகக் கேட்ட "ரெண்டும் ஒண்ணுதான்" அந்த இடத்தில் முடிந்தது.

அந்த 3050 தான் லெனோவோ லோக். ஐ5 12450எச்எக்ஸ், 6 ஜிபி கார்டு, 12 ஜிபி டிடிஆர்5 ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 300 நிட்ஸ் வெளிச்சமும் நூறு சதவீத எஸ்ஆர்ஜிபியும் உள்ள 15.6 அங்குலத் திரை. லோக் என்பது லெனோவோ 2023 இல் ஆரம்பித்த வரிசை, அவர்களுடைய உயர்ரக கேமிங் வரிசையான லீஜனுக்கு ஒரு படி கீழே. அசுஸ் டஃப், எச்பி விக்டஸ், ஏசர் நைட்ரோ வி மூன்றும் இந்த விலைக்குப் பார்க்கத் தகுந்தவைதான், எங்கள் நோட்டிலும் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே பெயரில் பல மாடல்கள் வருகின்றன, திரையும் வாட்டும் மாடலுக்கு மாடல் மாறும், லோக்கிலும் அப்படித்தான். அதனால் 'லோக் நல்லது' என்று நான் சொல்வதைக் கேட்டு ஏதோ ஒரு லோக்கை வாங்கிவிடாதீர்கள். பெட்டியில் இருக்கும் முழு மாடல் நம்பரை எடுத்து ஸ்பெக் ஷீட்டோடு ஒப்பிடுங்கள்.

விலை 68,500. அன்றைக்கு ஆன்லைனில் வங்கிக் கார்டு தள்ளுபடி எல்லாம் போட்டால் 1,500 ரூபாய் குறைவாகக் கிடைத்திருக்கும். தெரிந்தேதான் கடையில் வாங்கினேன். ஒரு மணிநேரம் மின்சாரத்தையும் மேசையையும் கொடுத்து, முகம் சுளிக்காமல் ரெண்டர் ஓட விட்ட மனிதரிடம் பார்த்துவிட்டு வேறு இடத்தில் வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. ரேம் ஒற்றை ஸ்டிக்காக வந்ததால் அங்கேயே இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டோம், 2,300 ரூபாய் ஆனது. மொத்தம் 70,800. மிச்ச 800 என் கணக்கு. ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் சரியா என்று பார்த்து, வாரண்டி தேதியைக் கடையிலேயே தளத்தில் போட்டுச் சரிபார்த்துக்கொண்டுதான் வெளியே வந்தோம்.

ஒன்றேகால் வருட அனுபவம் என்றால், வேலை என்ற அளவில் ஒரு குறையும் சொல்ல முடியாது. என்ஸ்கேப்பில் மாடலுக்குள் நடந்துபோவது வழுக்கிக்கொண்டு போகிறது. மூன்றாம் வருட ஹவுசிங் ப்ராஜெக்டில் பதினாறு வீடுகளும் மரங்களும் ஒரே சீனில் இருந்தபோது 6 ஜிபியில் ஐந்தரைக்கு மேல் போனதை அவளே எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள், 4 ஜிபி வாங்கியிருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். சார்ஜர், எச்டிஎம்ஐ, லேன் எல்லாம் பின்பக்கம் இருப்பதால் மவுஸ் வைக்கும் இடத்தில் வயர் குறுக்கிடுவதில்லை, வரைகிறவர்களுக்கு இது பெரிய வசதி. எஃப்என் கீயோடு க்யூ அழுத்தினால் வேக முறை மாறும், பவர் பட்டனின் நிறத்தைப் பார்த்தே எந்த முறை என்று தெரியும்: நீலம் அமைதி, வெள்ளை சமநிலை, சிவப்பு முழு வேகம். வகுப்பில் நீலம், ரெண்டருக்கு சிவப்பு என்று பழகிவிட்டாள். எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப் என்பதால் லெனோவோவின் வான்டேஜ் சாஃப்ட்வேரில் கன்சர்வேஷன் மோடைப் போட்டு வைத்திருக்கிறோம், பேட்டரியை முழுக்க நிரப்பாமல் எண்பது சதவீதத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிடும்.

எடைதான் யோசிக்க வேண்டிய விஷயம். கிட்டத்தட்ட 2.4 கிலோ, அதோடு செங்கல் மாதிரி ஒரு சார்ஜர். தினமும் பஸ்ஸில் இரண்டு மணிநேரம் நின்றுகொண்டு போகிற பிள்ளை என்றால் நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். பேட்டரியும் அப்படித்தான், இந்த ரக ப்ராசஸர் போட்ட எந்த லேப்டாப்பிலும் நாள் முழுக்க நிற்கும் பேட்டரியை எதிர்பார்க்கக் கூடாது, சார்ஜர் இல்லாமல் ஸ்டூடியோவுக்குப் போக முடியாது.

இப்போது வாங்குகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம் மாறியிருக்கிறது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கன்னாபின்னாவென்று ஏறிவிட்டது, நாங்கள் செய்த மாதிரி குறைந்த ரேமில் வாங்கி அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு இன்று இடிக்கும், 16 ஜிபியோடு வருகிற மாடலையே பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 5050 கார்டு வந்திருக்கிறது, 8 ஜிபி மெமரி, பட்ஜெட்டைக் கொஞ்சம் இழுக்க முடிந்தால் அதைத்தான் முதலில் தேடுவேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய திங்க்பேட் பி சீரிஸ், டெல் ப்ரிசிஷன் பாதி விலைக்குக் கிடைக்கும், உறுதியான உடம்பு, ஆட்டோகேட் மாதிரி வேலைக்கு நல்லது. ஆனால் விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 அக்டோபரில் நின்றுவிட்டது, இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் எதற்குமே விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது, தலைமுறையைக் கேட்காமல் பணத்தை நீட்டாதீர்கள். ஆட்டோகேடும் ரெவிட்டும் மாணவர்களுக்கு இலவசம், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், மாணவர் என்பதற்கான சான்று காட்டினால் போதும். கடையில் 'எல்லா சாஃப்ட்வேரும் போட்டுத் தரோம்' என்று கிராக் (திருட்டுப் பதிப்பு) ஏற்றிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், புது லேப்டாப்பில் வைரஸை நாமே ஏற்றிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

போன வாரம் அவளுடைய ஜூனியர் பெண் ஒருத்திக்கு லேப்டாப் வாங்கப் போனார்கள். அந்தப் பென் டிரைவையும், ஓட்டின் சிவப்பு உள்ள அதே ஷீட்டையும் இவள் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.